லோங்காங் அடைத்தால் யாரைக் கேட்பது?

மலாக்காவில் ஒருவருக்கு டிங்கி கண்டால், அதைக் கண்டுபிடித்த மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். 1988-ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் அப்படிக் கட்டாயப்படுத்துகிறது. பிறகு ஆட்கள் வருவார்கள். வீட்டைச் சுற்றிப் புகை அடிப்பார்கள், குளியலறைத் தொட்டியில் அபேட் எனும் கொசுப்புழு மருந்து போடுவார்கள், பூச்சட்டித் தட்டில் புழு நெளிந்தால் 500 ரிங்கிட்டுக்கு அபராதச் சீட்டு எழுதுவார்கள். வீட்டு வாசல்வரை எல்லாம் தெளிவு. யார் வருவார், எந்தச் சட்டம், என்ன அபராதம் என்று சொல்லிவிடலாம்.

வாசலைத் தாண்டினால்தான் சிக்கல். பின்பக்க லோங்காங், அதாவது வடிகால், உடைந்து மழைநீர் தேங்குகிறது, அதில் பொலிஸ்டைரின் டப்பாவும் பழைய டயரும் கிடக்கின்றன என்று வையுங்கள். லோங்காங்கைக் கட்டுவதும் பழுது பார்ப்பதும் நகராண்மைக் கழகம். அதைக் கூட்டுவதும் குப்பை அள்ளுவதும் இப்போது கழகத்திடம் இல்லை. திடக்கழிவுச் சட்டம் 2011 செப்டம்பர் முதல் தேதி நடப்புக்கு வந்தபோது மலாக்காவும் அதில் சேர்ந்துகொண்டது; அன்றிலிருந்து அந்த வேலை எஸ்.டபிள்யூ. கோர்ப் என்ற மத்திய அரசு அமைப்பின் மேற்பார்வையில் ஒரு குத்தகை நிறுவனத்திடம் இருக்கிறது. லோங்காங்குக்கு அந்தப் பக்கம் செம்பனைத் தோட்டம் என்றால் அது தனியார் நிலம், நிர்வாகத்தைத்தான் கேட்க வேண்டும். தோட்டத்து வீடுகளின் தரத்தைச் சோதிக்கும் அதிகாரம் தொழிலாளர் இலாகாவுக்கு. காய்ச்சல் கண்டவருக்குச் சிகிச்சை தருவது சுகாதார அமைச்சு. ஏடிஸ் கொசு பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்தான் பறக்கும். அந்தச் சில நூறு மீட்டருக்குள் ஐந்து பொறுப்பாளர்கள்.

நான் ஓய்வு பெற்ற சமூகத் தாதி. ஜாசின், அலோர் காஜா மாவட்டங்களின் கிளினிக் தேசாக்களில் வேலை பார்த்தவள். தோட்டத்துச் சனங்களுக்கு நான் ‘மிசி அக்கா’. கர்ப்பிணிகளின் புத்தகத்தில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அடையாளம் ஒட்டி, சிவப்பு ஒட்டியவரை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, பச்சைப் பிள்ளைகளை நிறுத்துத் தடுப்பூசி போட்டு, வீடு வீடாகப் போய் வந்த வாழ்க்கை. அந்த வேலையில் ஒன்று கண்டேன். ஒரே வீட்டுப் பிள்ளை வயிற்றுப்போக்கோடு திரும்பத் திரும்ப வந்தால், நான் கொடுக்கும் உப்புக் கரைசல் அன்றைக்கு மட்டும்தான். அடுத்த முறை வராமல் இருக்க வேண்டுமென்றால் அந்த வீட்டுக் கழிவுநீர் எங்கே போகிறது என்று யாராவது கேட்க வேண்டும். கேட்க வேண்டியவர் யார் என்பதைத்தான் ஓய்வுக்குப் பிறகு தேடிப் படித்தேன்.

என் அப்பா ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் டிரெஸர், அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளர். காலையில் பெரட்டு முடிந்ததும் மருந்து கொடுப்பார், புண் கட்டுவார், அதன் பிறகு லயங்களைச் சுற்றி வருவார். கக்கூஸ், தண்ணீர்க் குழாய், ஆயா கொட்டகை எல்லாவற்றையும் பார்த்து ஒரு நோட்டில் எழுதுவார். அந்த நோட்டு நேராகத் தோட்ட மேலாளரான துரையின் மேசைக்குப் போகும். அப்பா எழுதியதைத் துரை படித்து, செலவு செய்யலாம் என்று நினைத்தால் செய்வார், இல்லையென்றால் அந்தப் பக்கம் அப்படியே புரட்டப்படும். அப்பா ஒரே குறையை வாரா வாரம் எழுதிக்கொண்டே இருந்தார். தமக்குச் சம்பளம் கொடுப்பவரின் குறையைத்தான் அவர் எழுத வேண்டியிருந்தது. அதற்கு மேல் அவர் போக வழியில்லை.

இந்த ஏற்பாடு அப்பா காலத்தில் தொடங்கியதல்ல. போருக்கு முன்பே மலாக்காத் தோட்டங்கள் சேர்ந்து ‘மலாக்கா அக்ரிகல்சுரல் மெடிக்கல் போர்ட்’ என்று ஒரு வாரியத்தை நடத்தின. தனித்தனித் தோட்டங்களால் ஒரு மருத்துவரை வைத்துக்கொள்ள முடியாத காலத்தில், பணத்தைச் சேர்த்துப் போட்டு மருத்துவச் சேவையை வாங்கிக்கொண்டார்கள். அந்தக் காலத்துக்கு அது நல்ல யோசனைதான்; மலேரியா கொன்று குவித்த தோட்டங்களில் மருத்துவர் வந்து போனதே பெரிய காரியம். ஆனால் பணம் போட்டவர்களும் கணக்குக் கேட்டவர்களும் ஒரே ஆட்கள். நோய்ப்பட்டவனின் குரல் அதில் எங்கும் இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு சட்டம் வந்தது. தொழிலாளர் வீட்டு வசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டம், 1990-ஆம் ஆண்டு 446-ஆம் சட்டம், இன்றும் இருக்கிறது, 2019-இல் திருத்தப்பட்டது. குடிநீர், வடிகால், குப்பை அகற்றல், வாராந்தரச் சோதனை, சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஆயா கொட்டகை என எல்லாம் அதில் உண்டு. அமல்படுத்துவது தொழிலாளர் இலாகா. இலாகாவின் பெரிய வேலை சம்பளம், வேலைநீக்கம் போன்ற வழக்குகள். லயத்துக் கழிவுநீரைப் பற்றி வருத்தப்படும் ஒருவர் அந்தக் கவுண்டரில் போய் நின்றால் அவரோடு வரிசையில் நிற்பவர்கள் சம்பளப் பாக்கிக்காரர்கள். தோட்டம் தனியார் நிலம் என்பதால் நகராண்மைக் கழகத்தின் லோரியும் தெருவிளக்கும் வெகுகாலம் தோட்ட வாசலோடு திரும்பிப் போயின. பக்கத்துக் கம்பத்துக்குக் கிடைத்தது தோட்டத்துக்குக் கிடைக்கவில்லை. நம் சமுதாயம் பின்தங்கியதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பள்ளியையும் சம்பளத்தையும் சொல்வார்கள். இந்த வாசலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அரசியலமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையைப் புரட்டினால் குழப்பத்தின் வேர் தெரியும். ஆஸ்பத்திரி, கிளினிக், மருந்து, தாய்சேய் நலம் எல்லாம் மத்திய அரசின் பட்டியலில். ஊராட்சி மன்றங்களும் அவற்றின் எல்லைக்குள் வரும் பொதுத் தொல்லைகளும் மாநிலத்தின் பட்டியலில். பொதுச் சுகாதாரம், துப்புரவு, நோய்த் தடுப்பு மூன்றும் இருவருக்கும் பொதுவான பட்டியலில். அதாவது, காய்ச்சலைக் குணப்படுத்துவது புத்ராஜெயா, காய்ச்சல் வராமல் தடுப்பது புத்ராஜெயாவும் மலாக்காவும் சேர்ந்து. சேர்ந்து செய்ய வேண்டியதைச் சேர்த்துவைக்கும் ஓர் இடம் வேண்டும். மக்களுக்கு மிக அருகில் இருக்கும் ஊராட்சி மன்றம்தான் அந்த இடம் என்பது என் உறுதியான கருத்து.

மலாக்காவில் நான்கு மன்றங்கள்: மலாக்கா வரலாற்று மாநகர மன்றம், ஹங் துவா ஜெயா, அலோர் காஜா, ஜாசின் நகராண்மைக் கழகங்கள். சாப்பாட்டுக் கடைக்கு உரிமம் கொடுப்பது இவர்கள். அந்தக் கடையின் சமையலறை அழுக்காக இருந்தால் 1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின்படி 14 நாள்வரை மூட உத்தரவிடுவது சுகாதார அமைச்சின் அதிகாரி. சமையல்காரர் டைபாய்டு ஊசி போட்டிருக்கிறாரா, உணவு கையாளும் பயிற்சிக்குப் போயிருக்கிறாரா என்று இருவருமே பார்க்கலாம். இருவரும் ஒத்துப்போனால் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு உதாரணம் உண்டு. 2011-இல் பாரம்பரிய நகர வட்டாரமும் அலோர் காஜா, ஜாசின் நகரங்களும் புகையில்லாப் பகுதிகள் ஆனபோது சட்டம் மத்திய அரசுடையது, முன்னின்று கேட்டது மாநிலம்.

ஆனால் இந்த மன்றங்களில் உட்கார்ந்திருப்பவர்களை நீங்களோ நானோ தேர்ந்தெடுக்கவில்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின் 10-ஆம் பிரிவின்படி, தலைவரைத் தவிர எட்டிலிருந்து 24 உறுப்பினர்கள் வரை மாநில அரசு நியமிக்கிறது. 1950களில் நகரங்களில் வாக்களித்து உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த தலைமுறை நம் தாத்தா பாட்டி தலைமுறை. இந்தோனேசியாவுடன் மோதல் நடந்த 1965 மார்ச்சில், துங்கு அப்துல் ரகுமான் அரசு அந்தத் தேர்தல்களை நிறுத்திவைத்தது. நிறுத்திவைத்தது என்பதுதான் சொல்; ரத்துச் செய்யவில்லை.

அதே ஆண்டு ஓர் அரச விசாரணை ஆணையம் அமைந்தது. அதன் தலைவர் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். நம் பிள்ளைகள் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? மேற்கு மலேசியாவின் ஊராட்சி மன்றங்கள் எப்படி இயங்குகின்றன என்று ஆராய்ந்து 1968 டிசம்பரில் அறிக்கை கொடுத்தார்கள். தேர்தலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது அதன் முக்கியப் பரிந்துரை. அரசு அதை ஏற்கவில்லை. 1976 சட்டத்தின் 15-ஆம் பிரிவு ஊராட்சித் தேர்தலுக்கான சட்டங்களைச் செயலற்றதாக்கியது. பினாங்கு மாநிலம் 2012-இல் தன் எல்லைக்குள் தேர்தல் நடத்தச் சட்டம் இயற்றிப் பார்த்தது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆதி நாகப்பன் ஆணையம் வேலை செய்துகொண்டிருந்த காலத்தில்தான், 1967-இல், நம் மாநிலத்தின் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர்கள் கோலாலம்பூரை நோக்கி நடந்தார்கள். அது தொழில் தகராறு, சுகாதாரப் பிரச்சினை அல்ல. என்றாலும் அந்த நடையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே எண்ணம்: பக்கத்தில் கேட்பதற்கு ஓர் ஆள் இருந்திருந்தால் அவர்கள் அவ்வளவு தூரம் நடந்திருப்பார்களா?

தேர்தல் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அதே 1976 சட்டத்தின் 23-ஆம் பிரிவு, மன்றத்தின் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்கிறது. மன்றமே தீர்மானம் போட்டு மூடினாலொழிய யாரும் போய் உட்காரலாம். துணைக்குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது. ‘மெஷுவாராட் பெனுஹ்’ என்று அழைக்கப்படும் முழுக் கூட்டத்துக்குப் பொருந்தும்.

அந்தக் கதவைப் பயன்படுத்திப் பார்த்தேன். பழைய லய வரிசை ஒன்று, அதற்குப் பின்னால் புதிதாக எழும்பிய தாமான், நடுவில் உடைந்த லோங்காங். அந்த வரிசையில் ஒரு வீட்டில் டிங்கி, சில வாரங்களில் பக்கத்து வீட்டில், பிறகு மூன்று வயதுப் பிள்ளைக்கு. பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தாள். புகை அடித்துவிட்டுப் போனார்கள். புகை பறக்கிற கொசுவைக் கொல்லும். தேங்கிய நீரில் இருக்கும் புழு அடுத்த வாரமே கொசுவாகி எழும். லோங்காங் அப்படியே இருந்தது. கடைசி வீட்டு அம்மா கைப்பேசியில் படம் எடுத்துவைத்திருந்தார், தேதியோடு.

“மிசி, நான் எல்லா ஆபீசுக்கும் போய்ட்டேன். எல்லாரும் நல்லாத்தான் பேசுறாங்க. எங்க வேலை இல்ல, அந்த ஆபீசுக்குப் போங்கன்னுதான் சொல்றாங்க.”

“அக்கா, நீங்க தனித்தனியா போனா அப்படித்தான் சொல்வாங்க. எல்லாரையும் ஒரு மேசையில உட்கார வைக்கணும்.”

கூட்டத்தில் பொதுமக்கள் உட்கார்ந்து கவனிக்கலாம், பேச முடியாது. அதனால் அந்த வட்டாரத்துக்குப் பொறுப்பான உறுப்பினரை முதலில் போய்ப் பார்த்தோம். அவர் மலாய்க்காரர், இளைஞர். படங்களை வாங்கிப் பார்த்தார், இடத்துக்கும் வந்தார். முழுக் கூட்டத்தில் அவர் எழுந்து கேட்ட கேள்வி எளிமையானது: டிங்கி கண்ட வீடுகளின் பட்டியல் சுகாதார அலுவலகத்திடம் இருக்கிறது, லோங்காங்குகளின் வரைபடம் நம்மிடம் இருக்கிறது, இரண்டையும் ஒன்றாக வைத்து யாராவது பார்த்தார்களா? யாரும் பார்த்திருக்கவில்லை. கேள்வி குறிப்பேட்டில் ஏறியது. அதுதான் முக்கியம். குறிப்பேட்டில் ஏறியது அடுத்த கூட்டத்தில் ‘பெர்காரா பெர்பாங்கிட்’ என்ற தலைப்பின் கீழ் திரும்ப வரும். என்ன செய்தீர்கள் என்பதற்குச் சம்பந்தப்பட்ட பிரிவு பதில் சொல்லியே ஆக வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு முன்பே பொறியியல் பிரிவு, குப்பைக் குத்தகைக்காரர், சுகாதார அலுவலகம், தோட்ட நிர்வாகம் நால்வரும் அந்த லோங்காங் ஓரத்தில் நின்றார்கள். எல்லைக் கல் எங்கே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தார்கள். பழுது பார்த்து முடிக்கச் சில மாதம் ஆனது, ஆனால் நடந்தது.

அப்பாவின் நோட்டுக்கும் இந்தக் குறிப்பேட்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அப்பா எழுதியதை அவருடைய முதலாளி மட்டும் படித்தார். இது பலர் முன்னிலையில் வாசிக்கப்படுகிறது.

அரசு கிளினிக்குகளுக்கு என்றே இன்னொரு வழி உண்டு. பல கிளினிக்குகளில் ஊர்மக்களைக் கொண்ட ஆலோசனைக் குழு இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரிகளில் வருகையாளர் வாரியம், ‘லெம்பாகா பெலாவாட்’, இருக்கிறது. உறுப்பினர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். சக்கர நாற்காலி வாங்கித் தருகிறார்கள், கோத்தோங் ரோயோங் நடத்துகிறார்கள், தீபாவளிக்குப் பலகாரம் கொடுக்கிறார்கள். எனக்கு அதில் குறையில்லை. ஆனால் சீட்டு வாங்கிய கிழவி மருத்துவரைப் பார்க்க எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள், நீரிழிவு மருந்து எந்த மாதம் குறைவாக வந்தது, தோட்டத்திலிருந்து பேருந்து இல்லாததால் சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் யார் யார் என்ற கேள்விகள் நான் உட்கார்ந்த கூட்டங்களில் அதிகம் எழவில்லை. தோட்டத்திலிருந்து ஒருவர் அந்தக் குழுவில் இருந்தால் முதல் கூட்டத்திலேயே பேருந்தைப் பற்றிக் கேட்டிருப்பார்.

இப்படிப்பட்ட கேள்விகளை வேறு நாடுகளில் யார் கேட்கிறார்கள்? இங்கிலாந்தில் ஊராட்சி உறுப்பினர்கள் 2003 முதல் உள்ளூர் ஆஸ்பத்திரி நிர்வாகிகளை அழைத்துக் கேள்வி கேட்கச் சட்டப்படி அதிகாரம் பெற்றிருக்கிறார்கள். மருத்துவச் சேவை மத்திய அரசுடையது, கேள்வி கேட்பது உள்ளூர் மன்றம். கேட்பதற்கு அருமையாக இருக்கிறது அல்லவா? ஆனால் ஸ்டாஃபர்ட் நகர ஆஸ்பத்திரியில் 2005-க்கும் 2009-க்கும் இடையில் நோயாளிகள் தண்ணீர்கூடக் கிடைக்காமல் கிடந்தபோது, அந்த அதிகாரம் இருந்த குழுக்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. நிர்வாகம் கொண்டுவந்த அறிக்கையைக் கேட்டுக்கொண்டு திருப்தி அடைந்தார்கள். 2007-இல் தாயை அங்கே இழந்த ஜூலி பெய்லி என்ற பெண், காபிக் கடை நடத்தியவர், மற்றக் குடும்பங்களைச் சேர்த்துப் போராடியதால்தான் விசாரணை வந்தது. ராபர்ட் பிரான்சிஸ் தலைமையிலான பொது விசாரணை 2013-இல் 290 பரிந்துரைகளோடு முடிந்தது. உள்ளூர்க் கண்காணிப்புக் குழுக்களையும் அது கண்டித்தது. சட்டத்தில் அதிகாரம் இருந்தால் மட்டும் போதாது. அறிக்கையை வாங்கிப் படிப்பவர் வார்டுக்குள்ளும் நடந்து பார்க்க வேண்டும்.

கேரளம் வேறு வழியில் போனது. 1990களின் நடுவில் ஆரம்பச் சுகாதார நிலையங்களைக் கிராமப் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைத்தார்கள். மருத்துவருக்குச் சம்பளம் மாநில அரசு கொடுக்கும். கட்டடம், மருந்துப் பற்றாக்குறை, அன்றாட நிர்வாகம் பஞ்சாயத்தின் கவலை. அங்கே கூரை ஒழுகினால் வாக்குக் கேட்டு வந்தவரின் வீட்டுக் கதவைத் தட்டலாம். அதற்கும் வெகுமுன்பே, 1939-இல், சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றி ஊராட்சிகளின் கடமைகளை எழுதிவைத்தது. நம் முன்னோர்கள் கப்பலேறிய மண்ணில் இந்தச் சிந்தனை புதியதல்ல.

இன்றைய தோட்டம் அப்பா காலத்துத் தோட்டம் அல்ல. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, நம்மவர்கள் பலர் மலிவு விலை அடுக்குமாடிக்கும் தாமானுக்கும் போய்விட்டார்கள், தோட்டத்து ஆஸ்பத்திரிகள் மூடிக் கிடக்கின்றன. லயங்களில் இப்போது வங்காளதேசத்தவர்களும் இந்தோனேசியர்களும் நேப்பாளிகளும். நம் பாட்டன்மார் அனுபவித்த அதே தண்ணீர்ப் பிரச்சினையை அவர்கள் அனுபவிக்கும்போது அது அவர்கள் பாடு என்று விடுவது எனக்குச் சம்மதமில்லை. அவர்கள் வாக்காளர்கள் அல்ல, குடிமக்களும் அல்ல. காய்ச்சல் கண்டால் அவர்களுக்காகப் பேச நம்மைத் தவிர அந்தச் சுற்றுவட்டாரத்தில் யார் இருக்கிறார்கள்? மாநில மக்கள்தொகையில் இந்தியர்களாகிய நாம் ஏறக்குறைய 6 விழுக்காடு. எண்ணிக்கையை வைத்து நம்மால் அழுத்தம் கொடுக்க முடியாது. குறிப்பேட்டை வைத்து முடியும்.

நான்கு மன்றங்களிடமும் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்காத காரியம். ஒவ்வொரு முழுக் கூட்டத்திலும் மாவட்டச் சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு பக்க அறிக்கை வைக்கப்பட வேண்டும்: எந்தத் தாமான், எந்தத் தோட்டம், எந்த அடுக்குமாடியில் எந்த நோய் திரும்பத் திரும்ப வருகிறது என்று, பெயர்கள் இல்லாமல். அதைச் சமர்ப்பிக்கும் அதிகாரி நேரில் வந்து உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். குப்பைக் குத்தகைக்காரரும் தொழிலாளர் இலாகா அதிகாரியும் வருடத்தில் சில முறையாவது அந்த மேசைக்கு வர வேண்டும். தோட்ட எல்லைக்குள் குடியிருப்பவர்களுக்கும் வட்டார உறுப்பினர் ஒருவர் பொறுப்பு என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

கூட்டத் தேதியை மன்றத்துச் செயலாளர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். போகிறவர்கள் புகாரைத் தேதி, இடம், படத்தோடு எழுதி, சில நாள் முன்பே உறுப்பினரிடம் கொடுத்துவிடுங்கள். ஒரு பிரதியைக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் அவர் அதைக் கேட்டாரா, கேட்டது குறிப்பேட்டில் ஏறியதா என்று உட்கார்ந்து பாருங்கள். ஏறவில்லை என்றால் அடுத்த மாதமும் போங்கள்.